வைஃபைன்னு ஒரு பையன்

கம்ப்யூட்டர் பத்தி இன்னிக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு எனக்கு வீட்ல உத்தரவு, சார். காலையில காபி குடிக்கறப்பவே பொண்ணு வந்து சொல்லிட்டா. மாப்பிள்ளையோட அப்பா முதல் முதலா வர்றார், மழையைப் பத்திப் பேசுங்க, விலைவாசியைப் பத்திப் பேசுங்க, லினக்ஸை மட்டும் எடுக்காதீங்கப்பான்னா. இந்த இடம் அமையணும்னு அவளுக்கு இருக்கு போல. இதுவரைக்கும் வந்த வரனுக்கெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டவ, உங்க பையன் ஜாதகம் வந்ததும் வாயைத் திறந்து சரின்னா. அதனால நானும் சரின்னுட்டேன். நானா எடுக்கல, பாத்துக்குங்க. ரிடையர் ஆனப்புறம் பொழுது எப்படிப் போகுதுன்னு நீங்கதான் கேட்டீங்க. கேட்டவருக்குப் பதில் சொல்லாம இருந்தா அது மரியாதையா?

கேசரி எடுத்துக்குங்க. எங்க வீட்டம்மா மங்கை உள்ள பஜ்ஜி போட்டுட்டிருக்காங்க, இப்ப வந்துடுவாங்க. மங்கை, சாருக்குத் தண்ணி கொண்டா. பையன் கால்நடை டாக்டர்னு மங்கை சொன்னா. நல்ல உத்தியோகம் சார். மாடு வந்து உங்ககிட்ட படிச்சுட்டேன்னு பொய் சொல்லாது. போட்டோவும் காமிச்சா. தாடி வெச்சிருக்கார். இப்ப எல்லாப் பசங்களுக்கும் ஒரே தாடிதான், யார் யாருன்னு எனக்கு வித்தியாசமே தெரியறதில்ல.

டெலிபோன் ஆபீஸ்ல முப்பது வருஷம் லைன் பாத்தவன் நான். ரிடையர் ஆனதும் கூட வேலை பாத்தவங்க எல்லாம் கோயில் கோயிலாக் கிளம்பினாங்க. எனக்கு அதுல ருசி இல்ல. நூலகத்து மாடி ஹாலைக் கேட்டு வாங்கி, மாசாமாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை லினக்ஸ் முகாம்னு ஆரம்பிச்சேன். லினக்ஸ்னா, விண்டோஸ் இருக்கில்ல, அதுக்குப் பதிலா போட்டுக்கறது. என்ன, தெரியும்ங்கறீங்களா? எல்லாரும் அப்படித்தான் சார் சொல்வாங்க. நான் சொல்றேன் கேளுங்க. இலவசம். பழைய லேப்டாப்லயும் ஓடும். திருட்டு காப்பி போட்டுட்டு பயந்துக்கிட்டு இருக்க வேண்டாம். லேப்டாப்பைத் தூக்கிட்டு வாங்க, கத்துத் தர்றோம்னு நோட்டீஸ் அடிச்சு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டினேன்.

கூட்டம் வந்துச்சு. ஆனா என்ன கூட்டம்ங்கறீங்க. வர்றதுக்கு முன்னாடி படிச்சுட்டு வாங்கன்னு தமிழ்ல ஒரு கையேடு எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, ஸ்டேப்ளர் அடிச்சுக் குடுத்தேன். ஒரு மனுஷன் படிக்கல. ஒருத்தர் அதை லேப்டாப் சூடாகுதுன்னு அடியில முட்டுக் குடுத்து வெச்சிருந்தார். ஒரு அம்மா வந்து கீபோர்டு ரிப்பேர்னு உக்காந்திருந்தாங்க. என்னன்னா, டெர்மினல்ல, அதான் கட்டளை அடிக்கற ஜன்னல்ல, பாஸ்வேர்டு அடிச்சா திரையில ஒண்ணும் தெரியாது, புள்ளி கூட வராது. அது அப்படித்தான். கையேட்டுல ரெண்டாம் பக்கத்துல எழுதியிருக்கு. அந்தம்மா எழுத்து வரல வரலன்னு அரை நாள் அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. நான் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.

சொல்லியிருக்கலாமேங்கறீங்களா? அதான் தப்பு. சொல்லிட்டா மனுஷன் படிக்க மாட்டான். என்கிட்ட ஒரு சட்டம் உண்டு சார், அடுத்தவன் கீபோர்டை நான் தொட மாட்டேன். கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நிப்பேன். கேள்வி கேட்டா, திரையில என்ன எழுதியிருக்கு, வாய்விட்டுப் படிங்கம்பேன். படிச்சு முடிக்கறதுக்குள்ள பாதிப் பேர் மூட்டை கட்டிட்டுப் போயிடுவாங்க. போகட்டும்.

ஆளுங்க பேரும் எனக்கு நிக்காது. எதுக்கு நிக்கணும்? யாருக்கு என்ன கெட்டுப்போச்சோ அதுதான் முகாம்ல அவங்க பேரு. பாஸ்வேர்டு அம்மா. பிரிண்டர். கறுப்பு ஸ்க்ரீன். டி டிரைவ் வாத்தியார்.

அந்த டி டிரைவ் வாத்தியார் கதையைக் கேட்டா நீங்க சிரிப்பீங்க. லினக்ஸ் போடறதுக்கு முன்னாடி உங்க சாமானையெல்லாம் பத்திரமா வேற இடத்துல எடுத்து வெச்சாச்சான்னு நான் மூணு தடவை கேப்பேன். அது முகாம் வழக்கம். மூணு தடவையும் எடுத்தாச்சு எடுத்தாச்சுன்னார். சரி, அழிச்சுட்டுப் போடுங்கன்னேன். அவரே பட்டனை அமுக்கினார், நான் தொடல. எல்லாம் முடிஞ்சு எழுந்திரிக்கிறப்ப, என் ஃபைலெல்லாம் எங்க சார், டி டிரைவ்ல வெச்சிருந்தேனேங்கறார். சர்வீஸ் கடைக்காரன் எவனோ, சி டிரைவ்தான் அழியும், டியில வெச்சா எதுவும் போகாதுன்னு ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கான். சி, டி எல்லாம் ஒரே டிஸ்க்தான் சார். வீட்டை இடிக்கப் போறாங்கன்னா, சாமானை எடுத்து அடுத்த ரூம்ல வெச்சுட்டு நிம்மதியா நிப்பாரா ஒருத்தர்? பொண்ணு கல்யாணப் போட்டோ மொத்தமும் அதுலதானாம். அழுதுட்டார். முழு டிஸ்க்கும் அழியும்னு திரையில எழுதியிருந்துச்சு, படிச்சீங்களான்னு கேட்டேன். அதுக்கு என்னை வில்லன் மாதிரி பாக்கறாங்க எல்லாரும்.

அங்கதான் என் பொண்ணு வந்து கெடுத்தா. நித்திலா கணக்கு டீச்சர், உங்களுக்கே தெரியும். எனக்கு ஒத்தாசையா முகாமுக்கு வருவா. அவ அந்த வாத்தியாரைக் கூட்டிட்டுப் போய் ஓரமா உக்கார வெச்சு, டீ வாங்கிக் குடுத்து, என்னத்தையோ போட்டுத் தோண்டி, பாதிப் போட்டோவை மீட்டுக் குடுத்துட்டா. அவர் அவளைக் கையெடுத்துக் கும்பிடறார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பாடம் படிக்க வேண்டிய மனுஷனை இப்படிக் கொஞ்சினா, நாளைக்கு மறுபடியும் டி டிரைவ்லதான் வெப்பார். வெச்சார். அது வேற விஷயம்.

இவங்க எல்லாரையும் கூட மன்னிச்சுடுவேன் சார். ஒருத்தன் வந்தான் பாருங்க. வைஃபை.

என்ன சார், இருமறீங்க? கேசரி தொண்டையில நிக்குதா? தண்ணி குடிங்க.

என் ஆயுசுல நான் பாத்த மக்குலயே பெரிய மக்கு அவன். முதல் தடவை வந்தப்ப வைஃபை வரலன்னான். பாத்தா அணைக்கிற பட்டனை அமுக்கி வெச்சிருக்கான். சரி, புதுசு. நித்திலா, பாத்து அனுப்பிடுன்னேன். அடுத்த மாசம் மறுபடி வந்து நிக்கறான். என்னப்பான்னா, வைஃபை வரலங்கறான். அதுக்கடுத்த மாசமும் அதே ஆள், அதே லேப்டாப், அதே பாட்டு. பால் வியாபாரம்னு நினைக்கிறேன். செருப்புல சாணியோட வருவான். நடுவுல போன் வரும். மடி வீங்கியிருக்கா, தீனி எடுக்குதா, நான் சாயங்காலம் வந்து பாக்கறேம்பான். அந்த மாட்டோடயே இருந்துட்டுப் போக வேண்டியதுதானே. இவனுக்கு எதுக்கு லினக்ஸ்?

என் பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். அவளை நான் கெட்டிக்காரின்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இந்த ஒரு வைஃபையைச் சரி பண்ண அவளுக்கு சாயங்காலம் நூலகம் பூட்டற நேரம் ஆகும். பக்கத்துல பக்கத்துல நாற்காலியைப் போட்டுக்கிட்டு, ரெண்டு பேரும் அந்தத் திரையையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. எல்லார் முன்னாடியும் திட்டுவேன். ஏன் இவ்வளவு மந்தமா இருக்கே, நானா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு முடிச்சிருப்பேம்பேன். அவ தலையைக் குனிஞ்சுக்குவா. அவன் போறப்ப சிரிச்சுக்கிட்டே போவான். வைஃபை வேலை செய்யாதவனுக்கு என்ன சார் சிரிப்பு?

ஒரு வருஷம் பூரா இதே கதை. எனக்கே ஒரு கட்டத்துல சந்தேகம் வந்துச்சு. என்ன கெட்டுப்போச்சுன்னு நித்திலாகிட்ட ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கிக்குவேன். பாத்தா ஒரு தடவை கெட்டது மாதிரி மறு தடவை கெடறதில்ல. ஒரு மாசம் டிரைவரைக் காணோம். டிரைவர்னா அந்தக் கருவியை ஓட்டற குட்டி புரோகிராம். அடுத்த மாசம் டிரைவர் இருக்கு, ஆனா இதை ஏத்தாதேன்னு எங்கயோ ஒரு ஃபைல்ல ஒரு வரி உக்காந்திருக்கு. அதுக்கும் அடுத்த தடவை, அந்தக் கருவிக்கு உயிர் குடுக்கற ஒரு ஃபைல், அதோட பேர்ல ஒரே ஒரு எழுத்து மாறிக் கெடக்கு. தானா மாறுமா? நான் விடல. ராவும் பகலும் உக்காந்து, பக்கம் பக்கமா எழுதி, அந்த சாஃப்ட்வேரை எழுதற வெளிநாட்டுக்காரங்களோட ஃபோரம்ல போட்டேன். உங்க டிரைவர்ல கோளாறு இருக்கு, கண்டுபிடிச்சது நான்னு.

அதுல ஒருத்தன் பதில் எழுதறான், இது கோளாறு மாதிரி தெரியல, யாரோ கையால மாத்தியிருக்காங்க, லேப்டாப்காரர்கிட்ட விசாரிங்கன்னு. எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல. ஐயா, அந்த ஆளை எனக்குத் தெரியும், அவனுக்கு ஒரு ஃபைலைத் திறக்கவே தெரியாது, மாட்டுக்குக் கூட அவனை விட அறிவு ஜாஸ்தின்னு பதில் போட்டேன். இன்னிக்கும் அங்க இருக்கு, யார் வேணாலும் போய்ப் படிக்கலாம்.

மங்கை, என்ன கதவோரம் நின்னுக்கிட்டுக் கையைக் கையை ஆட்டறே? சொல்லி முடிச்சுட்டேன், இரு. அவன் மேல எனக்கு வருத்தம் கூட இல்ல சார். அவனைப் பெத்தவங்களை நினைச்சாத்தான். எவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வெச்சாங்களோ. நாளைக்கு ஒருத்தி அவனைக் கட்டிக்கிட்டு, ஃபேன் சுத்தல, மிக்ஸி ஓடலன்னு என்னென்ன பாடு படப்போறாளோ. அவனுக்குப் பொண்ணு குடுக்கறவன் என்னை விட மக்கா இருக்கணும்.

என்ன சார் எழுந்துட்டீங்க? பஜ்ஜி இன்னும் வரலியே.

யாரு?

உங்க பையன்னா, அவர் டாக்டர் இல்ல? கால்நடை...

ஓ.

சாணி. மடி வீக்கம். ஆமா.

உக்காருங்க சார். தயவுசெஞ்சு உக்காருங்க. செருப்பைப் போடாதீங்க. மங்கை, நீ அழாதே, நான் பேசிக்கறேன். சார், நான் யாருன்னு தெரியாம சொன்னேன். இல்ல, பொய் சொல்ல மாட்டேன், யாருன்னு தெரிஞ்சிருந்தாலும் மக்குன்னுதான் நினைச்சிருப்பேன், உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டேன். எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்ல. எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியல. நீங்க இப்படியே படியிறங்கிப் போயிட்டா என் பொண்ணு முகத்துல நான் எப்படி முழிப்பேன்? இந்த ஒரு இடத்துக்குத்தான் சார் அவ சரின்னா.

என்ன சொல்றீங்க? மெதுவா சொல்லுங்க. உங்க வீட்ல மூணு கம்ப்யூட்டர், மூணுலயும் லினக்ஸா? யார் போட்டது? அவரா? ஆஸ்பத்திரியிலயும் அவர்தான் போட்டுக் குடுத்தாரா? சரி. அந்தக் கறுப்பு லேப்டாப், ஓரத்துல கன்னுக்குட்டி படம் ஒட்டியிருக்குமே, அதுல வைஃபை? ஒரு நாள் கூட நின்னதில்லையா? நீங்க அதுலதான் ராத்திரி பேரனோட வீடியோவுல பேசறீங்களா? ஞாயித்துக்கிழமை காலையில கூடவா? ரெண்டாவது ஞாயித்துக்கிழமை காலையில கூட நல்லா ஓடிச்சா?

அப்ப நடுவுல என்ன ஆகுது? உங்க வீட்டுக்கும் எங்க நூலகத்துக்கும் நடுவுல?

நித்திலா. இங்க வா. வாம்மா, திட்டல. சார் போகல, நின்னுட்டார் பாரு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லு. அந்த லேப்டாப் நிஜமாவே கெட்டுப்போச்சா?

ம். கெட்டே போகலயா. அவர் வர்றப்ப அமுக்கிட்டு வருவார், நீ உக்காந்து... ம். புரியுது. எனக்கு இவ்வளவு மெதுவாப் புரியுதேன்னு பாக்காதே, இது என் பாடத்துல இல்ல.

ஏன்மா என்கிட்ட சொல்லல? ஊர்ல அவனவன் எதையாவது உடைச்சுட்டாவது என்கிட்ட வந்து நிக்கறான். நீ கேக்கக் கூட இல்லையே. தரகரைப் பிடிச்சு, ஜாதகத்தை அனுப்ப வெச்சு, ஏதோ வெளி இடம் மாதிரி வர வெச்சு, உங்கம்மாவுக்கும் தெரிஞ்சு, எனக்கு மட்டும் தெரியாம... சத்தமா சொல்லு. சாரும் கேக்கட்டும். என்னது?

சார், இவ என்ன சொல்றா கேளுங்க. அப்பா, ஒருத்தரைப் பிடிச்சிருக்குன்னு உங்ககிட்ட வந்து சொல்லியிருந்தா, அவருக்கு என்ன தெரியும்னு கேட்டிருப்பீங்க, அவர் பயந்துக்கிட்டு நிப்பார், நீங்க கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு அவர் தப்புப் பண்றதைப் பாத்துக்கிட்டே நின்னிருப்பீங்க. அந்த வாத்தியாரைப் பாத்த மாதிரிங்கறா.

நின்னிருப்பேன். ஆமா. நின்னிருப்பேன்தான்.

வலிக்குது சார். பெத்த பொண்ணு இப்படிச் சொன்னா யாருக்கு வலிக்காது? ஆனா இவ பொய் சொல்லலியே.

ஒண்ணு மட்டும் சொல்லுடி. இதைத் தெரிஞ்சுக்காம எனக்குச் சோறு இறங்காது. பட்டனை அமுக்கினது சரி, அது யார் வேணாலும் அமுக்குவாங்க. டிரைவரைத் தூக்கினது, சரி, ஒருத்தர் படிச்சுப் பாத்தா செய்யலாம். அந்தப் பேர்ல ஒரு எழுத்தை மாத்தி வெச்சது இருக்கே. அதுக்கு எந்த ஃபைல், எந்த இடம், எந்த எழுத்தை மாத்தினா பாக்கறவன் கண்ணுக்குத் தப்பும்னு தெரியணும். நான் ஒரு மாசம் தேடினேன். வெளிநாட்டுக்காரன் தேடினான். அதை உங்க பையனா சார் பண்ணார்? மாட்டுக்கு ஊசி போடறவருக்கு அது எப்படி வரும்? இவர்கூட இல்லேங்கறார் பாரு.

ஏன் தரையைப் பாக்கறே?

நீயா?

நீதான் அவருக்கு ஒவ்வொரு மாசமும் எதை உடைக்கணும்னு சொல்லி அனுப்பினியா? போன்லயா? அவர் சொன்னபடி உடைச்சுட்டு வருவார், நீ சரி பண்ணுவே. நான் பின்னாடி நின்னு உன்னை மந்தம்னு திட்டுவேன். எல்லார் முன்னாடியும். நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டே... சிரிச்சியா? அப்பெல்லாம் சிரிச்சிட்டிருந்தியா நீ?

சிரிக்கறீங்களா சார். சிரிங்க. உங்களுக்கு உரிமை இருக்கு. இவ்வளவு நேரம் நீங்க பொறுத்ததே பெரிசு. உக்காந்துட்டீங்களா, ரொம்ப சந்தோஷம். மக்குன்னு சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கறேன். ஒரு வருஷம் நான் திட்டற ஹாலுக்குள்ள, பொய்க்கு ஒரு லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு, மாசாமாசம் வந்து என்கிட்ட அசடுன்னு பேர் வாங்கிட்டுப் போயிருக்கார். நான் ஒரு நாள் கூட யாருக்காகவும் அப்படி நின்னதில்ல. மங்கைக்காகக் கூட நின்னதில்ல. ஏன் மங்கை, நின்னிருக்கேனா? பாருங்க, பஜ்ஜியை வெச்சுட்டுப் போறா.

ஆமா, நீங்க எப்படி வந்தீங்க? பஸ்லயா?

கார்ல வந்தீங்களா. யார் ஓட்டிட்டு வந்தது?

அட என்ன சார் இது. இவ்வளவு நேரமா வெயில்ல உக்காந்திருக்காரா? நான் உள்ள இருக்கேன்னு பயந்துக்கிட்டா? நித்திலா, நீ போகாதே, நான் போறேன். இல்ல, வேண்டாம், நான் போய் நின்னா வண்டியைக் கிளப்பிடப் போறார். நீயே போய்க் கூட்டிட்டு வா. அப்பா கையைப் பின்னாடி கட்டிக்கலன்னு சொல்லு.

சம்பந்தி, பஜ்ஜி எடுத்துக்குங்க. ஆறிடும்.

வாங்க மாப்ள. பரவால்ல, செருப்பு அங்கயே இருக்கட்டும். உள்ள வாங்க. அங்க இல்ல, உங்கப்பா பக்கத்துல வேணாம். அதோ, நித்திலா பக்கத்துல ஒரு நாற்காலி காலியா இருக்கு பாருங்க. அங்கயே உக்காருங்க.